மேஸ்திரிக்கு ஒரு நாள் லீவு

கருத்தப்பாண்டி செத்துப்போன பதினெட்டாம் நாள் காலை ஷிப்டுக்கு வேலைக்கு வந்துவிட்டார். இருபத்தாறு வருச சர்வீசில் ஒரு நாள்கூடப் பிந்தி வராத மனிதர் என்பதால், ராஜபாளையம் மலைமகள் சர்ஜிகல் மில் நிர்வாகம் இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் வராமல் போன பதினேழு நாளையும் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதி, அவருடைய வருகைப் பதிவேட்டைச் சுத்தமாக்கி வைத்துக்கொண்டது.

அவர் மனைவி முத்துப்பேச்சியும் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாள். அதே மில்லில் அவளுக்கு பேண்டேஜ் துணியை ரோலாகச் சுற்றுகிற வேலை. தேவதானத்திலிருந்து வருகிற மில் வேன் சேத்தூர் பக்கம் மாட்டு மந்தையில் சிக்கி ஆறு நிமிடம் பிந்திவிட்டது. அவசர அவசரமாக செக்‌ஷன் வாசலில் கால் வைத்தாள். தூணில் புதிதாக மாட்டியிருந்த ஒரு மஞ்சள் பெட்டி தொண்டையைக் கனைத்தது.

“க்கும். முத்துப்பேச்சி அவர்களே, வணக்கம். நீங்கள் ஆறு நிமிடம் தாமதம்.”

கையிலிருந்த தூக்குச்சட்டி கீழே விழுந்து ரசம் தரையெல்லாம் ஓடியது. அது அவள் புருசனின் குரல். எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த மனிதரின் குரல். அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. இருபத்தைந்து வருசக் குடித்தனத்தில் அந்தக் குரல் ஒருநாளும் அவள் பெயரைச் சொன்னதில்லை. ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடும். ‘அவர்களே’ என்றதும் அவள் வைத்த காலை வாசலுக்கு வெளியே எடுத்துவிட்டாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து சூர்யபிரகாஷ் வந்தான். மில்லின் மனிதவளத் தலைவன், முப்பது வயது, கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘மகிழ்ச்சி அலுவலர்’ என்று போட்டிருந்தது. கூடவே ஒரு வீடியோக்காரர்.

“அழுங்கம்மா, பரவாயில்ல, நல்லா அழுங்க. கேமராவைப் பாக்காம மட்டும் அழுங்க. இது நம்ம குரல் பாரம்பரியத் திட்டம். மில்லுங்கிறது ஒரு குடும்பம். குடும்பத்துல ஒருத்தர் போயிட்டார்னா அப்படியே விட்டுர முடியுமா? ஏ.ஐ. வச்சு மேஸ்திரியைத் திரும்பக் கொண்டுவந்துட்டோம். உயிரோட இருந்தப்போ அவர்கிட்ட எங்களுக்கு ஒரே ஒரு குறைதான். ஆளுங்களுக்காக இரக்கப்படுவார். அதை மட்டும் எடுத்துட்டோம். மத்ததெல்லாம் அப்படியே அவர்தான்.”

அவர் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்பீக்கர் சரிபார்க்கிறோம் என்று சொல்லி ஆபீஸ் அறையில் நாலு நாள் அவரை உட்காரவைத்து வாசிக்க விட்டார்கள். ‘நூல் அறுந்தது.’ ‘கையுறை அணியவும்.’ ‘அனுமதி இல்லை.’ இப்படி மூவாயிரம் வாக்கியம். நாலாம் நாள் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் காப்பி வைத்துக் கொடுத்தாள். “என்னத்துக்கு இம்புட்டு வாசிக்கச் சொல்லுதாவ?” என்று கேட்டதற்கு, “பெரிய ஸ்பீக்கரு வாங்கப் போறாவளாம்ட்டி” என்றார். அந்தத் தொண்டைக்கட்டு காப்பியில் சரியாகிவிட்டது. பெட்டிக்குள் போனது சரியாகவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அது கனைத்தது. ஒவ்வொரு கனைப்புக்கும் அவள் கை தானாக சுக்கைத் தேடியது.

தொடர்ந்து மூன்றாவது ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, காட்டிய இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதில் எந்தத் தாளில் புருசனைத் திரும்ப வேலைக்கு அனுப்பச் சம்மதித்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

பெட்டிக்கு ‘மேஸ்திரி’ என்றே பெயர் வைத்தார்கள். தூணுக்கு ஒன்றாக நாற்பது பெட்டி. உயிரோடிருந்த மற்ற மூன்று மேஸ்திரிகளையும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இனி டீக்குப் போக, ஒன்றுக்குப் போக, லீவு போட, எல்லாவற்றுக்கும் மேஸ்திரியிடம்தான் கேட்க வேண்டும். அது யோசிக்கிற மாதிரி ஒரு கனைப்புக் கனைத்துவிட்டு, அனுமதி இல்லை என்று சொல்லும்.

மூன்றாம் மாதம் அமைச்சர் ஒருவர் வந்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பெட்டியும் ஒரே குரலில் “மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வருக” என்று வரவேற்றபோது, கூட வந்த கட்சிக்காரர் ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

“கடந்த காலத்தில் ஒரு தொழிலாளி இறந்துவிட்டால் அவருடைய வேலையும் போய்விடும். அந்த அவல நிலையை மாற்றிக் காட்டியிருக்கிறோம். இனிமேல் மரணம் யாருடைய வேலைவாய்ப்பையும் பாதிக்காது என்று இந்த ராஜபாளையம் மண்ணிலிருந்து அறிவிக்கிறேன். முதற்கட்டமாக இறந்தவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் இளைஞர்களுக்கும் படிப்படியாகப் பரிசீலிக்கப்படும்!”

பெட்டிகள்தான் முதலில் கைதட்டின. சிறந்த தொழிலாளி விருதும் மேஸ்திரிக்கே கிடைத்தது. அதை வாங்க மேடையேறிய முத்துப்பேச்சியிடம், “உங்க வீட்டுக்காரர் மாதிரி எல்லாரும் இருந்துட்டா நாடு எங்கேயோ போயிரும்மா” என்று அமைச்சர் காதோடு சொன்னார். அவள் விருதை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். எல்லாரும் அவரை மாதிரி ஆகிவிட்டால் காரியம் செய்ய ஆளிருக்காதே என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

தொழிற்சங்கம் சும்மா இருக்குமா? தலைவர் தங்கப்பாண்டியன் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார். “இறந்தாலும் தோழர் தோழர்தான்! இருபத்துநாலு மணி நேரமும் அவரை உழைக்க வைக்கிறது கொத்தடிமைத்தனம்!” பதினோரு நாள் போராட்டம் வெற்றி பெற்றது. மேஸ்திரிக்கு எட்டு மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை, இரண்டு வேளை டீ இடைவேளை. டீ வேளையில் பெட்டிகள் பத்து நிமிடம் வாய்மூடி இருந்தன. பெண்கள் அந்தப் பத்து நிமிடமும் துணி சுற்றினார்கள், ஏனென்றால் அவர்களுக்கு டீக்கு அனுமதி கொடுக்க வேண்டிய மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார். தங்கப்பாண்டியனுக்குச் சங்கத்தில் பாராட்டு விழா எடுத்தார்கள்.

இப்படியே வருசம் திரும்பியது. தலைத்திவசம் வந்தது.

மகன் முத்துப்பாண்டி ராணுவத்தில் இருந்தான், ராஜஸ்தான் எல்லையில். அவனுக்குப் பத்து நாள் லீவு கிடைத்து ரயிலேறிவிட்டான். மகள் பானுப்பிரியா அதே மில்லில் பாக்கிங்கில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வருசம் முடியும் நாளில் ஆற்றங்கரையில் வைத்துச் சோறு படைத்து, காக்கை எடுத்துவிட்டால் அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். முத்துப்பேச்சி அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தாள். போகட்டும், அந்த மனிதர் இனியாவது போய்ப் படுக்கட்டும்.

அவள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“வியாழக்கெழம ஒரு நாள் லீவு வேணும்.”

“க்கும். காரணம்?”

“தெவசம்.”

“யாருக்கு?”

முத்துப்பேச்சி திரும்பி, பக்கத்து மேசையில் துணி சுற்றிக்கொண்டிருந்த பியூலாவைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். “வீட்டுக்காரருக்கு.”

“வீட்டுக்காரர் பெயர்?”

அங்கேதான் பேச்சு நின்றுபோனது. புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்று அவள் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். ரேசன் கடையில் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் மகளைச் சொல்ல வைப்பாள். ஒருமுறை பேங்கில் யாரும் துணைக்கு இல்லாமல், ஆதார் அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிப்பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். அந்தப் பெயர் அவள் நாக்கில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

“பெயர் கூறப்படவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நன்றி, முத்துப்பேச்சி அவர்களே.”

பியூலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியிடம் போய் அவளே பெயரைச் சத்தமாகச் சொன்னாள். விண்ணப்பதாரரின் குரல் பொருந்தவில்லை என்றது பெட்டி.

“ஏட்டி, சொல்லித் தொலையேன்” என்றாள் பியூலா. “ஆயுசு கொறையுமுன்னு சொல்லுதே. இனி என்னட்டி கொறையறதுக்கு இருக்கு? அண்ணந்தான் போயிட்டாவளே.”

“எங்கட்டி போயிட்டாவ?” என்றாள் முத்துப்பேச்சி. “தினம் ஆறு மணிக்கு எனக்கு முன்னால வந்து நிக்காவ. போனாத்தான சொல்லலாம்?”

பியூலா பெட்டியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டு துணியைச் சுற்றினாள்.

முத்துப்பேச்சி சூர்யபிரகாஷிடம் போனாள். அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “அம்மா, நீங்க பேரைச் சொல்லியிருந்தாலும் கிடைச்சிருக்காது. சிஸ்டத்துல மேஸ்திரி ஆக்டிவ்ல இருக்கார். போன மாசம் நூறு சதவீத வருகை. வேலைக்கு வந்துட்டு இருக்கிற ஆளுக்கு திவச லீவு கொடுத்தா நாளைக்கு ஆடிட்ல என்னைத்தான் கேப்பாங்க.”

“எறந்துட்டாவன்னு சர்டிபிகேட் வச்சிருக்கேன் சார்.”

“அது சர்க்கார் கொடுத்தது. அட்டெண்டன்ஸ் நாங்க கொடுக்கிறது. ரெண்டும் ஒத்துவரலைன்னா நாம எதை நம்பணும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா மன்றம் திறந்திருக்காங்களே, அங்க போய் ஒரு ஆர்டர் வாங்கிட்டு வந்துருங்க. சொல்லாம லீவு போட்டீங்கன்னா வேலை போயிரும். நான் இல்லம்மா, மேஸ்திரிதான் தூக்குவார்.”

மறுநாள் மத்தியான ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். கோபுரம் தெரிகிற ஒரு தெருவில், கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில், தொழில் தொழில்நுட்ப நல்லிணக்க மன்றம் என்று போர்டு மாட்டியிருந்தது. அதே அமைச்சர் திறந்து வைத்தது. நல்லிணக்க அதிகாரியின் பெயர் மொக்கைச்சாமி. மேசையில் ஒரு பெரிய டப்பா பால்கோவா. டப்பாவின் மேல் மலைமகள் மில்லின் பெயர் ஒட்டியிருந்தது. அதை ஒரு ஃபைலால் மூடிக்கொண்டே கேட்டார்.

“யார் மேல புகார்?”

“மேஸ்திரி மேல.”

“மேஸ்திரி யாரு?”

“எங்க வீட்டுக்காரரு.”

மொக்கைச்சாமி பேனாவை மூடி வைத்தார். “ஏம்மா, புருசன் பொண்டாட்டி சண்டையையெல்லாம் இங்க கொண்டாரலாமா? அது சரி, எதிர்த்தரப்பையும் கேக்காம ஒருதலையா முடிவு பண்ணுதது இந்த மன்றத்துல கெடையாது.” மில்லுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் கனைப்புக் கேட்டது. மொக்கைச்சாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டார். ‘எதிர்மனுதாரர் குரல் மூலம் ஆஜர்’ என்று எழுதினார்.

“வணக்கம் சார். ஒங்க வீட்டம்மா லீவு கேக்காங்க. ஒங்க தெவசத்துக்கு. நீங்க என்ன சார் சொல்லுதிய?”

“க்கும். உற்பத்தி இலக்கு முக்கியம். நிர்வாகத்தின் முடிவே என் முடிவு.”

“எப்பேர்ப்பட்ட மனுசன்!” என்று மொக்கைச்சாமி உருகிப்போனார். “பாத்தியாம்மா? ஊர்ல அவனவன் உயிரோட இருக்கும்போதே குடும்பத்தைப் பாக்க மாட்டேங்கான். குடிச்சிட்டு ரோட்ல கெடக்கான். ஒம் புருசன் செத்தும் ஒழைக்காரு. அடிக்கிறாரா? திட்டுறாரா? அவர்களேன்னு மரியாதையால்லா கூப்பிடுதாரு. கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.”

முத்துப்பேச்சி மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டாள். “சார், அவிய ஒருநாளும் எம் பேரைச் சொன்னதில்ல. இது அவிய இல்ல. அவிய எங்கயோ நடுவுல மாட்டிக்கிட்டு நிக்காவ. அவியள விடச் சொல்லுங்க சார், அது போதும்.”

“விடுறதா? வேலையிலிருந்து நீக்கணும்ங்கியா? ஒரு காரணமும் இல்லாம ஒரு தொழிலாளியை நீக்கச் சொல்லுதது சட்டப்படி தப்பும்மா. தொழிலாளிக வயித்துல அடிக்கவா இந்த மன்றம் தொறந்திருக்கு?”

பிறகு அவர் வெகுநேரம் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. உத்தரவைத் தன் கையாலேயே எழுதினார். ஆக்டிவாக இருக்கும் ஊழியருக்குத் திவசம் செய்ய அவர் மனைவிக்கு லீவு கொடுக்க விதியில்லை. ஆனால் எந்த ஊழியரும் சொந்த விசேஷத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்கலாம். ஆகவே கருத்தப்பாண்டி தன்னுடைய திவசத்துக்கு லீவு எடுத்துக்கொள்கிறார். அவருக்குத் துணையாகக் குடும்பத்தில் ஒருவர் போகலாம். கருத்தப்பாண்டி போனார் என்பதற்கு அத்தாட்சியாக, மேஸ்திரி ஏற்றிய மில் போனைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்பு விண்ணப்பதாரர் மேஸ்திரியின் பெயரைத் தன் குரலில் மூன்று முறை சொல்லிப் பதிய வேண்டும்.

“எல்லாருக்கும் திருப்தி பாத்தியா? இதுக்குப் பேருதாம்மா நல்லிணக்கம்” என்றார் மொக்கைச்சாமி. வழியனுப்பும்போது பால்கோவா ஒரு துண்டு கொடுத்தார். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாள்.

புதன்கிழமை காலை. செக்‌ஷனில் எல்லாப் பெண்களும் அவளைப் பார்த்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியாது, மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முத்துப்பேச்சி தூணுக்கு முன்னால் வந்து முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பெட்டியில் சின்னச் சின்ன ஓட்டைகள். அதற்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. மன்னிச்சுக்கிடுங்க என்று மனதுக்குள் சொன்னாள்.

“கருத்தப்பாண்டி” என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“தெளிவாகக் கூறவும்.”

“கருத்தப்பாண்டி.” யாரையோ கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடுகிற மாதிரி இருந்தது. “கருத்தப்பாண்டி. கருத்தப்பாண்டீ...” மூன்றாவது முறை அது கூப்பாடாகிவிட்டது. ஒப்பாரி வைத்தபோதுகூட வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. பியூலா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள்.

“க்கும். குரல் பதிவானது. மிக நல்ல ஒலித் தரம். நன்றி, முத்துப்பேச்சி அவர்களே.”

பானுப்பிரியாவும் பாக்கிங் செக்‌ஷன் பெட்டியிடம் போய் நின்றாள். “அப்பா” என்றுதான் ஆரம்பித்தாள். துணைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்று அப்பா குரல் சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை தேவதானம் ஆற்றங்கரையில் முத்துப்பாண்டி ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தான். காரியம் செய்துவைக்கிற பண்டாரம், மாமன் மச்சான் என்று ஏழெட்டுப் பேர். வாழையிலையில் சோறும், அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் வைத்தார்கள். இலைக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் மேல், மில் போன். உத்தரவுப்படி அதன் கேமரா இலையைப் பார்த்திருந்தது.

“இது எதுக்கும்மா?” என்றான் மகன்.

“அப்பா லீவுல வந்திருக்காவ” என்றாள் முத்துப்பேச்சி. அவன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு இலையில் தண்ணீர் தெளித்தான்.

எல்லாரும் தள்ளிப்போய் நின்றார்கள். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. செத்த நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மருத மரத்திலிருந்து ஒரு காக்கை இறங்கியது. ஒற்றைக் காக்கை. தலையைச் சாய்த்து இலையைப் பார்த்தது. தத்தித் தத்திக் கிட்டே வந்தது. முத்துப்பேச்சி மூச்சை அடக்கிக்கொண்டாள். வாங்க, சாப்பிடுங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. காக்கை குழம்பு பட்ட சோற்றின்மேல் குனிந்தது.

“க்கும்” என்றது போன். “நிகழ்ச்சி முடிய இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?”

காக்கை விருட்டென்று எழும்பி ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒரு காக்கையும் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் முத்துப்பாண்டி ‘கா, கா’ என்று கூப்பிட்டுப் பார்த்தான். பண்டாரம் கடைசியில் இலையை எடுத்து ஆற்றில் விட்டார். “அவருக்கு ஏதோ கொறை இருக்கும்மா” என்றார். “கொறையில்ல” என்றாள் முத்துப்பேச்சி. “வேலை இருக்கு.” மாமன் மச்சான் யாரும் அன்றைக்கு அவள் வீட்டில் கை நனைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மில் வேனிலிருந்து இறங்கும்போதே கேட்டது. வாசல் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

“வணக்கம். மேஸ்திரி கருத்தப்பாண்டி பணிக்கு வந்துவிட்டார். அனைவரும் செக்‌ஷனுக்குச் செல்லவும். மேஸ்திரி கருத்தப்பாண்டி பணிக்கு வந்துவிட்டார்.”

கூட இறங்கிய பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாய் மூடித்தான் இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு நாள் சொன்ன பெயரை, அவளுடைய குரல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தது. அழுகையை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

சூர்யபிரகாஷ் பூங்கொத்தோடு நின்றிருந்தான். “சர்ப்ரைஸ்! உங்க குரல் சாம்பிள் அவ்வளவு நல்லா இருந்ததும்மா. திட்டத்துல உயிரோட இருக்கும்போதே சேர்ந்த முதல் ஆள் நீங்கதான். இப்போதைக்கு அறிவிப்பு மட்டும். பிற்காலத்துல உங்களையும் மேஸ்திரி ஆக்கிருவோம். புருசன் பொண்டாட்டி பிரியாம இங்கயே இருக்கலாம். தினமும் அங்கங்க நீங்க பேசுறதைக் கேட்டுக் கேட்டு சிஸ்டம் தானா கத்துக்கும். நீங்க எதுவும் பண்ண வேண்டாம், எப்பவும் போலப் பேசிட்டே இருங்க.”

முத்துப்பேச்சி பூங்கொத்தை வாங்கவில்லை. “ஒண்ணு கேக்கலாமா சார்? நான் செத்த பொறவு, என் தெவசத்துக்கு எம் மவ பானு யாருகிட்ட லீவு கேக்கணும்?”

சூர்யபிரகாஷ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உங்ககிட்டதாம்மா” என்றான்.

அவள் தலையாட்டினாள். செக்‌ஷனுக்குள் போய்த் தன் மேசைக்கு நேரே இருந்த தூணுக்கு முன்னால் நின்றாள். பெட்டிக்குள் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, ஓட்டைகளுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“பானு, ஒனக்கு லீவு குடுத்தாச்சு. போயிட்டு வா தாயி.”

“க்கும். புரியவில்லை, முத்துப்பேச்சி அவர்களே.”

“பானு, ஒனக்கு லீவு குடுத்தாச்சு. போயிட்டு வா தாயி.”

அன்றையிலிருந்து மில்லுக்குள் அவள் வேறு பேச்சுப் பேசுவதில்லை. பியூலா நலம் விசாரித்தால்கூடத் தலையை மட்டும் ஆட்டுவாள். அனாவசியப் பேச்சு இல்லாத தொழிலாளி என்று அவளுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். தினமும் காலை ஷிப்ட் தொடங்கும்முன் பெட்டிக்கு முன்னால் நின்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறாள். அவர் வாசித்த வாக்கியக் கணக்குக்கு, மூவாயிரம் முறை சொல்ல வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். தொண்டை கட்டாமலிருக்க வீட்டிலிருந்து வரும்போதே தூக்குச்சட்டியில் சுக்குப் போட்ட கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்துவிடுகிறாள்.